அப்பா கேட்ட துணித்துண்டு

உசனார் காக்கா கம்பியைத் துவக்குக் குழாய்க்குள் விட்டார். முக்கால் பாகம் போய் நின்றுவிட்டது. வெளியே எடுத்துக் குழாயோடு சேர்த்து வைத்து அளந்து பார்த்தார். மறுபடி விட்டார். அதே இடம்தான்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது வெடிமருந்தோட இரிக்கி."

ஏறாவூரில் வாவிக்கரையை ஒட்டியிருந்த அவருடைய பட்டறைக்கு நானும் தம்பி லக்ஷனும் போனது ஒரு சண்டையைத் தீர்த்துக்கொள்ளத்தான். அப்பா மாசியில் இறந்துபோனார். துவக்கு தொங்கியது எனக்குச் சீதனமாக எழுதிய வீட்டில். அனுமதிப்பத்திரம் மாறியது லக்ஷன் பெயருக்கு. பூட்டனார் காலத்து இடியன் துப்பாக்கி அது. வாய்வழியே மருந்தும் ஈயச் சன்னமும் போட்டு, தேங்காய்த்தும்பால் அடைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். துருவைச் சுரண்டி வெடிக்க வைக்க வேண்டும் என்று அவன் நின்றான். கரடியனாற்று வயல்வட்டையில் ஆனை இறங்காத கிழமை இல்லையாம். ஆனைவெடி கொளுத்தினால் போதாதா, இது கிடந்தபடி சுவரில் கிடக்கட்டும் என்று நான் நின்றேன். தொட்டால் அப்பாவின் கைபட்ட அடையாளம் போய்விடும் என்று பெரிய வசனமெல்லாம் பேசினேன். உண்மையில் அது வெடிக்கும் என்ற நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

பதினாலு வருடத்துக்கு முன் அதே வட்டையில் அண்ணன் குகனை ஆனை அடித்துக் கொன்றது. அப்பாவும் அவனும் ஒரு பரணில் காவல். கால் மைல் தள்ளி அடுத்த பரணில் மாமியின் மகன் மதுரன். எனக்கும் மதுரனுக்கும் ஆவணியில் கலியாணம் பேசியிருந்தது. வெடி கேட்டால் மற்றப் பரணில் இருப்பவர் பந்தத்தோடு ஓடி வர வேண்டும். கேட்காவிட்டால் இறங்கக் கூடாது. காவலில் அதுதான் ஒழுங்கு.

"வெடி வெச்சன், ஆனை திரும்பல்ல. சத்தம் கேட்டும் இவன் வரல்ல," என்றார் அப்பா.

"வெடி கேக்கவே இல்ல மாமா," என்றான் மதுரன்.

செத்தவீட்டில் யார் பேச்சு எடுபடும்? ஊர் அவனைப் பொய்யன் என்றது. நானும் சொன்னேன், அவன் முகத்துக்கு நேரே. கலியாணம் நின்றது. இப்போது அவன் அமிர்தகழியில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். நான் புளியந்தீவில் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறேன். வருடத்தில் இரண்டு தரம் வருவான். என் முன்னால் ஆளே இல்லாவிட்டாலும் அடுத்த வரிசையில்தான் நிற்பான்.

காக்கா எண்ணெய் விட்டு ஊற வைத்தார். நாங்கள் தேநீர் குடித்து முடித்த பிறகு, நுனியில் திருகாணி வைத்த கம்பியால் இழுத்தார். முதலில் ஒரு துணிச்சுருள் வந்தது. பிறகு சன்னம், பிறகு கட்டிபட்ட மருந்து.

"அப்பா வெடி வெச்சிட்டு மறுகா இடிச்சி வெச்சிருப்பாரு," என்றான் லக்ஷன். அவன் குரல் கெஞ்சியது.

காக்கா துணியை விரித்தார். வெளியே கரி. உள்மடிப்பில் நிறம் அப்படியே இருந்தது. வாடாமல்லி.

அண்ணனை ஆனை அடித்த அன்று பின்னேரம் நான் அதே நிறத்தில் கலியாணச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். "தும்பு நனைஞ்சிட்டு புள்ள, அடைக்கிறதுக்கு ஒரு துண்டுத் துணி தா," என்று அப்பா வாசலில் நின்று கேட்டார். கைப்பக்கம் மிஞ்சியதை வெட்டிக் கொடுத்தேன். அந்த ஒரு துண்டுதான். செத்தவீடு முடிந்து கொளுவியில் மாட்டிய துவக்கை அவர் பிறகு தொடவேயில்லை.

அன்றிரவு வெடி போகவேயில்லை. கை விறைத்துப்போனதோ, மருந்து பற்றவில்லையோ, அது அவருக்குத்தான் தெரியும். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. பதினாலு வருடம் அந்தக் கொளுவிக்குக் கீழே குந்தியிருந்துதான் நான் போட்ட சோற்றைத் தின்றார் என்று மட்டும் தோன்றியது. துணியை வாங்கிக் கைப்பையில் வைத்தேன்.

"நீ சொன்னதுதான் சரி அக்கா," என்றான் லக்ஷன், என்னைப் பார்க்காமல். "சுவத்துலயே கிடக்கட்டும்."

"வேணாம். வெடிக்க வையுங்க காக்கா."

"என்னத்துக்கு அக்கா இப்ப?"

"எவ்வளவு தூரம் கேக்குமெண்டு பாக்கோணும்."

மூன்று கிழமை கழித்துப் போனோம். பொலிசுக்கு அறிவித்துவிட்டேன் என்றார் காக்கா. சன்னம் இல்லாமல் மருந்து மட்டும் போட்டு, தும்பு அடைத்து இடித்து, கரையில் நின்று வானத்தைப் பார்த்து வெடி வைத்தார். என் பல் கிட்டிப்போனது. கரையோரச் சேற்றுக் கண்ணா மரங்களிலிருந்து நீர்க்காகங்கள் மொத்தமாக எழுந்தன. லக்ஷன் காதைப் பொத்தியபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கரைப் பக்கம், கால் மைலுக்கு மேலேயே இருக்கும், ஒருவர் தோணியில் குனிந்து வலை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தார். நெற்றியில் கை வைத்து எங்கள் பக்கம் பார்த்தார். ஒன்றுமில்லை என்று காக்கா கையசைத்தார். அது அவருக்கு விளங்கவில்லை போலும். வலையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார். தோணியின் முனை எங்களை நோக்கித் திரும்பியது.