மாமா எங்கே சுற்றுகிறார்?

படையில் எல்லோரும் அவனைக் ‘குழாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்கோடித் தீவுகளின் காவல் சாவடிகளுக்கு மருந்தும் குடிநீரும் ஏற்றிப்போகும் அவர்களுடைய பெரிய விமானம், திரும்பும் வழியில் வாலிலிருந்து நீளமான குழாய் ஒன்றை இறக்கிவிடும். தீவுகளைச் சுற்றிக் காவல் காக்கும் போர் விமானங்கள் வந்து, குழாய் நுனியிலிருக்கும் கூடைக்குள் மூக்கை நுழைத்து, பறந்தபடியே எரிபொருள் குடித்துவிட்டுப் போகும். பின்பக்க ஜன்னலில் உட்கார்ந்து அதைக் கவனிப்பது அவன் வேலை.

குடிக்க வருகிறவர்களில் ஒருவர் அவனுடைய அக்கா புருஷன்.

“உங்க மாமா முன்ன மாதிரி இல்லடா,” என்று அக்கா ஒருநாள் அவனைச் சமையலறைக்குள் இழுத்துச் சொன்னாள். “பேச்சு கிடையாது, தூக்கம் கிடையாது. போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிடறார். எனக்கென்னவோ நல்லதாப் படல.”

அதன் பிறகுதான் அவனுக்கும் உறைத்தது. மற்ற விமானிகள் காவல் முடிந்ததும் இருக்கிற எரிபொருளோடு போய் இறங்கிவிடுவார்கள். மாமா மட்டும் இன்னொரு முறை வந்து கேட்பார். எதற்கு? வழியில் எங்கேயாவது ஒதுங்குகிறாரா? கிழக்குத் தீவில் ஓடுதளம் உண்டு. ராடார் பார்க்கும் பெண்களும் உண்டு. எல்லைக்கு அப்பால் யாரையாவது பார்க்கிறாரோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லத் துணியவில்லை. சாப்பிடும்போது மாமா தண்ணீர் எடுத்துக் கொடுத்தால்கூட, ‘இந்தக் குழைவு எதற்கு?’ என்று மனசு குடைந்தது.

அடுத்த முறை காவல் முடிந்து மாமா பின்னால் வந்து சேர்ந்தபோது அவன் வால்வைத் திறக்கவில்லை.

“வீடு போக இருக்கறதே போதுமே. எதுக்குக் கூடுதலா?”

“குடு.”

“எங்க போறீங்க, மாமா?”

ஹெட்போனில் மூச்சு மட்டும் கேட்டது, நெடுந்தூரம் ஓடி வந்தவன் மூச்சைப் போல. மாமாவின் விமானம் ஏறியும் இறங்கியும் தடுமாறியது. வழக்கமாக ஊசியில் நூல் கோப்பது போல் கூடையில் நுழைகிறவர் அவர்.

“மாப்ளே… குடுத்துடு. கெஞ்சிக் கேக்கறேன்.”

அவன் திறந்துவிட்டான்.

தரையிறங்கியதும் மாமாவின் விமானத்தடிக்கு ஓடினான். அங்கே எரிபொருள் நிரப்புகிறவர் தலையில் அடித்துக்கொண்டார். “இதுல நான் என்னத்த ஊத்தறது? முக்கால் டேங்க் அப்படியே இருக்கு. தினமும் இதே கூத்துதான்.”

அப்படியென்றால் மாமா எங்கேயும் போகவில்லை.

அவர் சக்கரத்தோரம் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“டேங்க் முள்ளு கீழ இறங்கினா எனக்குக் கடல் மட்டும்தான் தெரியுது, மாப்ளே. மழைக்காலத்துல நம்ம ஆளு ஒருத்தன் டேங்க் காலியாகிக் கடல்ல விழுந்தான்ல, அதுலேர்ந்துதான். டேங்க் நெறைஞ்சாத்தான் கை நடுங்காம இருக்கு.”

“மாடியில யார்கூடப் பேசறீங்க?”

“அவன் அம்மா. கடைசியா என்ன சொன்னான்னு தினமும் கேக்கறாங்க.”

குழாய் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினான். “டாக்டர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

மாமாவே சொன்னார். சில மாதங்களுக்கு அவருக்குத் தரையில்தான் வேலை என்றாகிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டினார், மச்சினன் வால்வை மூடிவைத்தது உட்பட. அக்கா அழுது ஓய்ந்து, தம்பி பக்கம் திரும்பினாள்.

“ஏன்டா, என் புருஷனைப் போயா சந்தேகப்பட்டே?”

ஒரு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. மாமாதான் பேசினார். தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை என்றார்.