பத்து மணிக்கு இறங்கியவர்கள்

ஓப்பநாயக்கவில் நடக்கும் சுகாதார மாலை வகுப்பில் ஜுமானா மிஸ் பத்துக் கேள்விகள் தந்திருந்தார். தலைவலிக்கு என்ன செய்யலாம், எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்று எல்லார் வீட்டிலும் கேட்கிற கேள்விகள்தான். பதிலை எழுதி, வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, அவர் கடைப்பிடிக்கிறாரா என்று இரண்டு வாரம் நாட்குறிப்பில் பதிய வேண்டும். நான் மூன்றாம் கேள்வியை எடுத்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? ஆள், என் அண்ணி கோகிலா.

அண்ணி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இந்த வருடத்தில் இரண்டு முறை அவருக்குச் சிறுநீர்க் கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்துவிட்டன. இரண்டாவது முறை இரத்தினபுரியில் ஐந்து நாள் வார்டில் கிடந்தார். "இன்னொரு தடவை வந்தா கிட்னிக்குப் போயிரும். ஹொந்தட்ட வத்துர பொன்ன" என்று டாக்டர் பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்.

நான் ஒன்றரை லீற்றர் போத்தலில் ஏழு மணி, பத்து மணி, பன்னிரண்டு மணி என்று பேனாவால் கோடு போட்டேன். கொதித்தாறிய தண்ணீரை நிரப்பிக் கொடுத்தேன். மூன்று நாளும் போத்தல் முதல் கோட்டோடு திரும்பி வந்தது.

"தாகமே எடுக்கலையா அண்ணி?"

"வெத்தலய அடக்கிக்கிட்டா எடுக்காது சுமி."

'வெற்றிலையை விட வேண்டும்' என்று நான் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அது தாகத்தை மறக்கப் போடுகிற வெற்றிலை என்று எனக்குத் தோன்றவேயில்லை. இதே தோட்டத்தில் பிறந்து, இங்கேயே பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் நான். இதுகூடத் தெரியாமல் யாருக்கு ஆரோக்கியம் சொல்லப் போகிறேன்?

நாலாம் நாள், நான் கெஞ்சியதற்காக அண்ணி பத்து மணிக் கோடு வரை குடித்தார். கொழுந்து பறிக்கும் மலையில் கக்கூசு கிடையாது. எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு இறங்கித் திரும்பி ஏற அரை மணி நேரம். அவர் வருவதற்குள் பழனியாண்டி கங்காணி அவர் பறித்துக்கொண்டிருந்த நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அரை நாள் வேலை, அரை நாள் சம்பளம் என்று அரைப் பேர் போட்டுவிட்டார். 'கடைப்பிடித்தார்' என்று எழுதினேன். பிறகு வெட்கமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், கொழுந்து நிறுக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் மடுவத்துக்கு வந்த பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். அண்ணி பறிக்கும் மலையில் மொத்தம் பத்தொன்பது பேர். காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு வீடு திரும்பும்வரை எதுவும் குடிப்பதில்லை என்றவர்கள் பதினேழு பேர்.

"குடிச்சிட்டு எங்க போறது? தேயிலத் தூருக்குப் பின்னால குந்தி அட்டைக்கு விருந்து வைக்கவா?" என்றார் மருதாயி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். "ஒங்க மிஸ்ஸுகிட்ட கேளு, கக்கூசு இல்லாத மலையில எத்தன கிளாஸு குடிக்கணும்னு."

அண்ணி சிரிக்கவில்லை. "நான் குடிக்கத்தான் போறேன். மூணாவது தடவ வார்டுல போய்க் கெடக்க மாட்டேன். டெய்லி அரைப் பேர் போட்டாலும் சரி."

"ஒராள் எறங்கினா அரைப் பேர். எல்லாரும் எறங்கினா?" என்றேன். சொன்ன பிறகுதான் வாயை மூடியிருக்கலாமோ என்று தோன்றியது.

மருதாயி அக்கா என்னை உற்றுப் பார்த்தார். "அட, கிளாஸுல இதெல்லாமா படிச்சுக் குடுக்குறாங்க?"

திங்கட்கிழமை பத்து மணிக்கு, பத்தொன்பது பேரும் வரிசையாக மலையிலிருந்து இறங்கினார்கள். அண்ணி முன்னால். லயத்தில் இருப்பது இரண்டு கக்கூசு. எல்லோரும் திரும்பி ஏற ஒரு மணி நேரமானது.

பகல் நிறுவை எங்கள் மடுவத்துக்கு முன்னால்தான் நடக்கும். கங்காணி தராசைத் தொடவில்லை. "அம்புட்டுப் பேருக்கும் அரைப் பேருதான். யாரு கெளப்பி விட்டது? கிளாஸுக்குப் போற புள்ளதானே?"

இடுப்பில் இருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டேன். "ஆமாங்க மாமா, நான்தான். தண்ணி குடிக்கச் சொன்னது டாக்டரு. குடிச்சா எறங்கித்தானே ஆகணும்?"

"வாய் ரொம்ப நீளுது. ஒன் வேலையும் போயிரும், பாத்துக்க."

"அவள ஏன் மெரட்டுறீங்க?" மருதாயி அக்கா கூடையைத் தரையில் இறக்கி, அதன்மேல் கையை வைத்து உட்கார்ந்தார். "அரைப் பேருன்னா அரைக் கூடை நிறுங்க. மிச்சக் கொழுந்து எங்ககிட்டயே கெடக்கட்டும்." பத்தொன்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

வெயில் ஏறியது. கூடைக்குள் கொழுந்து சூடாகத் தொடங்கியது; வாடிப்போனால் பெக்டரியில் எடுக்க மாட்டார்கள். பெக்டரி லொறிக்காரன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தான். கங்காணி யாருக்கோ போன் எடுத்து, தள்ளிப் போய்ச் சிங்களத்தில் பேசினார். திரும்பி வந்து யார் முகத்தையும் பார்க்காமல், "இன்னைக்கு மட்டும் முழுப் பேரு. தூக்குங்க" என்றார்.

அண்ணி எழுந்தார். கூடையைத் தூக்கவில்லை. "நாளைக்கும் எறங்குவோம் அண்ணே. வேணாம்னா மேல ஒரு கக்கூசு கட்டச் சொல்லுங்க."

"அத தோட்டத்து மெனேஜர் தொரகிட்ட கேளு."

"கேப்போம். கட்டுற வரைக்கும் எறங்குவோம்." அதற்குப் பிறகுதான் கூடையைத் தராசில் மாட்டினார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மடுவத்து வாசலில் நின்று எண்ணினேன். சந்தேகம் வந்து, மறுபடியும் எண்ணினேன். இருபத்து நான்கு பேர். பின்னால் வந்த ஐந்து பேரும் பக்கத்து மலைக்காரர்கள்.