எரிக்கப்பட்ட வலை

வெண்ணந்தூரை அடுத்த கரட்டடியில் வாழ்ந்த அம்மாசி என்பவன், விடிந்ததும் கறையான் புற்றை உடைத்துத் தன் பழக்குக் கவுதாரிக்கு ஊட்டிய பின்னரே கஞ்சியைத் தொடுவான். அதன் குரலுக்கு மயங்கி வரும் காட்டுக் கவுதாரிகளை வலையிற் பிடிப்பது அவன் தொழில். அதிகம் பேசான், பட்டதை மறவான்.

கவுதாரிகள் முட்டையிடும் மாதங்களில் அவற்றைப் பிடிக்கலாகாது என்று சர்க்கார் சட்டம் வந்த ஆண்டில், காட்டுக் காவலர் கந்தவேல் அவனைக் கையும் வலையுமாகப் பிடித்தார். கூண்டிலிருந்த பழக்குக் கவுதாரியின் கழுத்தை அவன் கண்ணெதிரே திருகி, அன்றே குழம்பாக்கி உண்டார். அம்மாசிக்கு ஒரு மாதச் சிறை. வலையை எரித்துவிடும்படி உத்தரவு. சிறையில் அவனை வருத்தியது கல்லுடைப்பு அன்று. விடியலில் கூப்பிட அந்தக் குரல் இல்லாமையே.

மறு ஆண்டு அதே மாதத்தில் காவலர் அவன் குடிசைக்கே வந்தார்.

"டேய் அம்மாசி, நாளான்னைக்கு எம்பட சம்பந்தி ஊட்டுக்காரங்க விருந்துக்கு வாராங்க. இருவது கவுதாரி வேணும்."

"ஏனுங்க சாமி, இது முட்டை வெக்கற மாசமாச்சுங்களே?"

"அடேயப்பா, எனக்கே சட்டஞ் சொல்றயா! அதெல்லாம் உன்னாட்ட ஆளுகளுக்குடா. வலை இல்லீன்னு சாக்குச் சொல்லாதே. இந்தா, உம்பட வலையேதான்."

எரித்துச் சாம்பலாக்கியதாகக் காவலர் கோர்ட்டுக் கச்சேரியில் எழுதிக் கொடுத்த அதே வலை! அதன் மூலைக் கயிற்றில் வழக்கு எண் சீட்டும் அரக்கு முத்திரையும் அப்படியே தொங்கின. தன்னை எதிர்த்து எவனும் வாய் திறவான் என்ற மமதையில் அவற்றை அறுத்தெறியவும் அவர் நினைக்கவில்லை.

அம்மாசி வலையைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் புதர்களைத் தட்டி விரட்டி, இருபதையும் உயிரோடு பிடித்துக் காவலர் வீட்டுக் கூடையில் அடைத்தான். அவர் வலையைத் திருப்பிக் கேட்டபோது, "ரெண்டு கண்ணு கிழிஞ்சிருக்குதுங்க, தெச்சுத் தாரேனுங்க" என்று பணிவாகச் சொல்லித் திரும்பினான்.

வீட்டில் அவன் வெளுத்த வேட்டியைக் கட்டுவதைக் கண்டு மனைவி குப்பாயி திகைத்தாள்.

"எங்க பொறப்பட்டே?"

"புதுச்சத்திரத்துக்கு. அந்தக் காவலனுக்கு மேலதிகாரி ரேஞ்சர் ஐயா அங்க முகாம் போட்டிருக்கறாராம்."

"உனக்கென்ன கிறுக்கா? புடிச்சவன்னு உன்னையுந்தானே உள்ள தள்ளுவாங்க?"

"தள்ளட்டும். எனக்குப் பழகின எடந்தான், அவனுக்குத்தான் புதுசு."

முத்திரை தொங்கிய வலையை மடித்துத் தோளில் இட்டுக்கொண்டு, "நாளைக்குச் சம்பந்திக எலை முன்னால குந்தறப்போ ரேஞ்சரோட வாரேன் குப்பாயி. நானும் அந்தக் காவலனும் ரெண்டு பேருமே செயிலுக்குப் போறோம்" என்றான் அமைதியாக.