கணவர் பெயர்: நயினார்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதிரில் இருப்பவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுதி முடித்துவிடுவேன். மதராஸில் சமூகப்பணி படித்தபோது இதைச் சுறுசுறுப்பு என்று மெச்சினார்கள். அந்தச் சுறுசுறுப்பால் ஒரு உயிர் போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தைரியம் வராது.

திருவண்ணாமலையில் நகராட்சி நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் 1978-இல் எனக்கு வேலை. மருத்துவ சமூகப் பணியாளர் என்று பெயர்ப்பலகை வைத்துக் கொடுத்தார்கள். ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை, 'எழுதற மேடம்' என்றே கூப்பிட்டார்கள். பௌர்ணமிக்கு வரும் கூட்டத்தில் புத்தி கலங்கிய யாராவது ஒருவர் பின்தங்கிவிடுவார். சிலரை வீட்டாரே கோபுர வாசலில் உட்காரவைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவதும் உண்டு. போலீஸ் அவர்களை மாஜிஸ்திரேட்டிடம் காட்டி எங்கள் வார்டில் கொண்டுவந்து விடும். பத்து நாள் கெடு. அதற்குள் நான் வீட்டைக் கண்டுபிடித்தால் அவர்கள் வீடு போய்ச் சேருவார்கள். இல்லாவிட்டால் டாக்டர் கையெழுத்துப் போட்டு, வெளியூரில் இருந்த மனநல மருத்துவமனைக்கு வேனில் ஏற்றிவிடுவார்கள். அப்படி ஏறியவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசி மாதம் அந்த அம்மாளைக் கொண்டுவந்தார்கள். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதை ஓரத்தில் மூன்று நாளாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாராம். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் தாலி, நைந்த பச்சைப் புடவை. வாயைத் திறக்கவில்லை. காது கேட்கிறது, நாக்கிலும் கோளாறு இல்லை என்றார் டாக்டர் ராஜேந்திரன். நான் பென்சிலும் காகிதமும் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

வார்டு ஆயா பச்சையம்மாள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காலை வேலை, இரண்டு மணிக்கெல்லாம் போய்விடுவாள்.

"மேடம், இந்தம்மா நயினாரு வூட்டம்மாங்க."

"உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்க இல்லீங்க, பாத்தாலே தெரியுது. அவங்க வூட்டுலல்லாம்..."

"சரி, நீ போய் வேலையைப் பாரு."

போய்விட்டாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் 'கணவர் பெயர்: நயினார்' என்று படிவத்தில் எழுதிவிட்டேன். யாராவது சொல்லக் கேட்டிருப்பாள், ஆயாக்களுக்குத்தான் ஊர்ச் செய்தி முந்தி வரும் என்று நினைத்துக்கொண்டேன். நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு நயினார் இருப்பார். என் சித்தப்பா பெயரே நயினார்தான். அதனால் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. முதல் நாளே பெயர் கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்துகூடப் போனேன்.

அன்று மாலையே இருபத்தேழு போலீஸ் ஸ்டேஷன்களுக்குக் கடிதம் எழுதினேன். போளூர், ஆரணி, செங்கம், வந்தவாசி என்று ஒன்றையும் விடவில்லை. 'நயினார் என்பவரின் மனைவி, பேச்சில்லை, தேடுபவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்.' கை வலிக்க வலிக்க எழுதினேன். உழைப்பில் என்னைக் குறை சொல்ல முடியாது.

பிறகு தினமும் அந்த அம்மாளைக் கவனித்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் முந்தானையை டம்ளர் வாயில் விரித்து, வடிகட்டித்தான் குடித்தார். உட்காரும் முன் தரையைக் கையால் மெல்லத் துடைப்பார். எறும்பு இருந்தால் அது போகும்வரை நிற்பார். காலையில் இட்லி சாப்பிட்டார், மதியம் சோறும் மோரும் சாப்பிட்டார், குழம்பில் கிடந்த உருளைக்கிழங்கை மட்டும் ஒதுக்கினார். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவே இல்லை. கான்ட்ராக்டர் வீட்டுச் சாப்பாடு ஏழு மணிக்கு வரும். நான் ஐந்து மணிக்கு செங்கம் ரோட்டில் என் அறைக்குப் போய்விட்டு, ஏழுக்கு இவருக்காகவே திரும்பி வருவேன். தட்டை வைத்தால் கும்பிட்டுவிட்டுத் தள்ளி வைப்பார். வற்புறுத்தினால் உதட்டை இறுக்கிக்கொள்வார்.

இதையெல்லாம் நான் வரிசையாக எழுதினேன். தண்ணீரை வடிகட்டுகிறார். தரையைத் துடைக்கிறார். விளக்கு வைத்த பின் உணவை அறவே மறுக்கிறார். கடைசியில் என் படிப்பைக் காட்ட ஒரு வரியும் சேர்த்தேன்: 'உணவிலும் நீரிலும் யாரோ விஷம் கலந்திருப்பதாக அஞ்சுகிறார் என்று தோன்றுகிறது.' டாக்டர் படித்துவிட்டு நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தப் பேனாவைப் பிடுங்கி உடைக்கத் தோன்றுகிறது.

எட்டு நாள் ஓடியது. ஒரு ஸ்டேஷனிலிருந்தும் பதில் இல்லை. நான் டாக்டரிடம் சண்டையே போட்டேன். இன்னும் இருபது நாள் அவகாசம் கேளுங்கள், எப்படியும் அந்த நயினாரைக் கண்டுபிடித்துவிடுவேன் என்றேன்.

"கேக்கலாம். ஆனா ராத்திரி பட்டினி கிடக்கறாங்கன்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே. இங்க வச்சிருந்து ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? ஒரு ராத்திரியாவது சாப்பிட வைங்க, நான் கேட்டுப் பாக்கறேன்."

ஒன்பதாம் நாள் ஏழு மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து நீட்டினேன். கும்பிட்டார். மறுபடியும் நீட்டினேன். உதடு இறுகியது. எனக்கு ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"நீங்க சாப்பிட்டாத்தான் உங்களை இங்க வச்சிருப்பாங்கம்மா. இல்லன்னா நாளைக்கு வேன்ல ஏத்திருவாங்க. உங்க வீட்டை நான் கண்டுபிடிச்சிருவேன், சத்தியமா கண்டுபிடிச்சிருவேன். எனக்காக ஒரு வாய் சாப்பிடுங்க."

சொல்லிக்கொண்டே அழுதேன். அந்த அம்மாள் என்னை வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே இருந்த இருட்டைப் பார்த்தார். திரும்பி வாயைத் திறந்தார். ஒரு வாய் ஊட்டினேன். அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது வாயோடு என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் ஃபைலில் எழுதினேன்: 'அன்பாக வற்புறுத்தினால் இரவில் உண்கிறார்.' சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டேன்.

மறுநாள் காலை அவர் இட்லியைத் தொடவில்லை. மதியம் சோற்றையும் தொடவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுவர் ஓரமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் கெஞ்சினேன், அதட்டினேன், காலைத் தொட்டுக்கூடக் கேட்டேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்னன்னு சொல்லி டைம் கேக்கறது?" என்று கையெழுத்துப் போட்டார். மூன்று மணிக்கு வேன் வந்தது. ஏறும்போது என்னைப் பார்த்து அந்த அம்மாள் கும்பிட்டார். என் ஃபைலையும் கூடவே அனுப்பினார்கள். நகல் ஒன்று என் மேஜையில் இருந்தது.

வேன் போன பதினாறாம் நாள் அங்கிருந்து கடிதம் வந்தது. 'வந்த நாள் முதல் உணவு ஏற்கவில்லை. தங்கள் குறிப்பின்படி இரவில் வற்புறுத்தியும், இயலாதபோது குழாய் வழியாகவும் கஞ்சி செலுத்தப்பட்டது. காய்ச்சல் கண்டு இறந்தார். யாரும் உரிமை கோராததால் உடல் அடக்கம் செய்யப்பட்டது.' தங்கள் குறிப்பின்படி என்ற இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கடிதம் வந்த நான்காம் நாள், நாலு மணி வாக்கில் ஒரு பெண் வந்து ஆஸ்பத்திரியில் என் அறை வாசலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். கையில் நான் எழுதிய கடிதம் ஒன்று கசங்கிக் கிடந்தது. பெயர் குணமதி, ஊர் வந்தவாசிப் பக்கம், அம்மாவைத் தேடி ஒரு மாதமாக அலைவதாகச் சொன்னாள். பச்சைப் புடவை என்றாள், பேச்சில்லை என்றாள். அதற்கு மேல் எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. கசங்கிய கடிதத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டே பேசினாள்.

"எந் தம்பி இங்கதாங்க காலேஜ்ல படிச்சான். போன வருசம் காய்ச்சல் வந்து போயிட்டான். அதுலருந்து அம்மா பேசறதில்ல. ஆனா புத்தி தெளிவுங்க. அவன் இருந்த ஊரப் பாக்கணும்னு தோணிருக்கும், சொல்லாம பஸ் ஏறிட்டாங்க."

"இந்தக் கடிதம் உங்க ஸ்டேஷனுக்கு ஒரு மாசம் முந்தியே வந்திருக்குமே."

"வந்திருக்குதுங்க. ஏட்டு சிரிச்சிட்டு எடுத்து வச்சிட்டாராம். எங்க ஊரு பூரா நயினாருதானே, எந்த நயினாருன்னு போய்க் கேக்கறதுன்னாரு. நான் ரெண்டாவது தடவ போய் அழுதப்பறந்தான் எடுத்துக் குடுத்தாரு."

"உங்க அப்பா பேரு நயினார் இல்லையா?"

"அப்பா பேரு ஆதிநாதனுங்க. படுத்த படுக்கையா கீறாரு. நயினாருன்னா எங்க ஜனம். நாங்க ஜைனருங்க."

ஜைனர் என்றால் எனக்குத் தெரிந்தது கடைத்தெருவில் அடகுக்கடை வைத்திருக்கும் சேட்டு மட்டும்தான். தமிழ் பேசி, ஏர் பிடித்து, இந்த மண்ணிலேயே காலங்காலமாக இருக்கும் ஜைனர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. கேட்டிருந்தால் பச்சையம்மாள் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பாள். சொல்லத்தான் வந்தாள்.

குணமதி என் மேஜையில் இருந்த நகலைப் பார்த்தாள். அம்மா பற்றியதா என்று கேட்டாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்தேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

"தண்ணி வடிகட்டாம நாங்க யாருமே குடிக்க மாட்டோங்க. தண்ணில உசுரு இருக்குமே. பொழுது போனா சாப்பிடவும் மாட்டோம். அம்மா ஒம்பது வயசுலருந்து அப்படித்தான்." அவள் விரல் கீழே இறங்கியது. "பத்தாம் நாளு மத்தியானங்கூடச் சாப்பிடலையா? தண்ணியுமா?"

"இல்ல."

"அப்ப அது உபவாசங்க. தெரியாம ஏதாவது தப்பு நடந்துட்டா அம்மா அப்படி இருப்பாங்க. ஒரு நாளு, ரெண்டு நாளு, மனசு ஆறுற வரைக்கும். ஆனா இங்க வந்து என்ன தப்பு பண்ணிருப்பாங்க?"

அங்கே ஒவ்வொரு ராத்திரியும் குழாயில் கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். என் குறிப்பின்படி. அந்த அம்மாளின் மனசு எங்கே ஆறும், உபவாசம் எங்கே முடியும்?

"அவங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. நான்தான் பண்ணேன்" என்று சொல்லி, சிவப்பு அடிக்கோட்டை அவளுக்குக் காட்டினேன். மூன்று வாய் ஊட்டியதைச் சொன்னேன். என் கையால்தான் என்றும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க அப்ப அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அதாங்க. யாரு அழுதாலும் எங்கம்மாவுக்குத் தாங்காது."

சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேரையும் துடைத்துவிட அங்கே யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மலைக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே இறங்கிவிடும் ஊர் இது. அவள் எதற்காகப் பார்க்கிறாள் என்று இப்போது எனக்குத் தெரிந்தது.

"ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

"காலையிலருந்து இல்லீங்க."

எதிர்க் கடைக்கு ஓடி நாலு வாழைப்பழம் வாங்கி வந்தேன். ஒரு சொம்புத் தண்ணீரைக் கைக்குட்டையால் வடிகட்டிக் கொடுத்தேன். வராந்தாவில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து. நான் தினமும் பையை எடுத்துக்கொண்டு அறைக்குக் கிளம்பிய நேரம். அந்தப் பத்து நாளில் இந்த நேரத்துக்கு அந்த அம்மாளிடம் சாப்பிடுகிறீர்களா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.