சாற்றை வைத்த கை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததல்ல, நான் எடுத்துக்கொண்டது. "இத எழுதித் தொலைக்காதடி" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா சொல்லவே ஆரம்பித்தாள். இப்போது அவள் எதிரே இருக்கும் மூடிய கதவுக்குப் பின்னால், ஆய்வுக்குழுவின் முன் உட்கார்ந்திருக்கிறாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு திறப்பதற்குள் முடிக்க வேண்டும்.

தொடக்கம்: "பூச்சிகளின் உடலியலைக் கரைத்துக் குடித்த பேராசிரியை ஒருத்தி, ஒரு மாலை தன் உடம்பைக் கண்டே பயந்து—" வேண்டாம், பேய்க்கதை மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: "வாசனை என்பது—" கட்டுரை. அடித்துவிட்டேன்.

2

நேராகவே சொல்கிறேன். பூச்சியியல் பேராசிரியையான அக்காவுக்குப் பேர் வாங்கித் தந்தது ஓர் இலை. அதன் சாற்றை வடிதாளில் தடவி, நீளமான கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் வைத்து, பின்னாலிருந்து விசிறியைப் போட்டால், மறுமுனையில் இருக்கும் ஆண் அந்துப்பூச்சிகள் காற்றை எதிர்த்துப் பறந்து வரும். ஒப்பிடுவதற்கு வெறுந்தாள் வைத்தால் வராது. பயிருக்கு மருந்தடிக்காமல் பூச்சியைப் பொறியில் பிடித்துவிடலாம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். கட்டுரைகள், பதவி, மாநாடுகள் எல்லாம் அதிலிருந்துதான்.

அவளுடைய ஆய்வு மாணவி அதே சோதனையைத் திரும்பச் செய்தாள். பூச்சிகள் அசையவில்லை. மறுபடியும் செய்தாள். ம்ஹூம். உனக்குச் சோதனை செய்யும் கையே இல்லை என்று அக்கா திட்டினாள். குழுவுக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணை ஆய்விலிருந்து நீக்குவதா என்று இன்று முடிவாகிறது.

(மாணவி என் எதிர் பெஞ்சில் இருக்கிறாள். முதல் வரைவில் அவளை அழவைத்தேன். நிஜத்தில் அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறாள். பாக்கெட்டை என் பக்கமும் நீட்டினாள். ஒன்றை எடுத்துக்கொண்டேன்.)

3

போன வாரம் அக்கா என் வீட்டில் இருந்தாள். வயல்களை ஒட்டிய வீடு. சாயங்காலம் ஜன்னல் வழியே அந்துப்பூச்சிகள் வந்தன. விளக்கைச் சீண்டவே இல்லை. அக்காவின் தோளில், காதோரத்தில், சட்டைக் கையில் போய் உட்கார்ந்தன. ஊர்ப் பூச்சிக்கெல்லாம் உன்னைத் தெரியும் போலிருக்கே என்று கிண்டல் செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒன்றைப் பிடித்து அதன் உணர்கொம்பைப் பார்த்தாள். இறகு போல விரிந்திருந்தது. ஆண். அடுத்ததும் ஆண்.

அக்கா படிக்கிற காலத்தில், இதே வகை அந்துப்பூச்சியில் பெண் ஆணை அழைக்கும் வாசனை இருந்த குப்பி ஒன்று உடைந்து அவள்மேல் கொட்டிவிட்டதாம்.*

* நம் மூக்குக்கு அது தெரியாது. சில வாசனைகள் உடம்பில் ஊறிவிட்டால் எத்தனை குளித்தாலும் வருஷக்கணக்கில் போகாதாம்.

"சாறு கிடைக்கிறதே ரொம்ப அரிதுடி. என் சோதனைல அத நான் யார் கையிலயும் குடுத்ததில்ல, நானேதான் வைப்பேன். வெறுந்தாளத்தான் லேப் உதவியாளர் வைப்பாரு, அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. பூச்சிகள் சாற்றுக்கு வரவில்லை. சாற்றை வைத்துவிட்டு விசிறிக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு வந்திருக்கின்றன. கைக்கு உறை போட்டிருந்தாள்தான், உடம்புக்கு உறை ஏது? மாணவியோ இரண்டு தாளையும் தானே வைத்தாள். அவள் கண்டதுதான் சரி. அதற்குத்தான் இன்று தண்டனை.

4

அக்காவை வில்லியாக எழுத வரவில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் பரீட்சையை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவள். இன்று என்னைக் கார் ஓட்டச் சொன்னாள். வழியில் கேட்டேன்: "உள்ள போய்ச் சொல்லிடுவ இல்ல?"

"பாக்கலாம்."

எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் மாட்டேன் என்று பொருள்.

முடிவு அ: அக்கா எழுந்து உண்மையைச் சொல்கிறாள். குழுத் தலைவர் நெகிழ்ந்துபோய்— (மாட்டார். அந்தக் கட்டுரைகளில் அவர் பெயரும் இருக்கிறது.)

முடிவு ஆ: சொல்லவில்லை. மாணவி பெட்டியைக் கட்டுகிறாள். அக்கா துறைத் தலைவராகிறாள். நான் யார் பெயரும் போடாமல் இதை அச்சேற்றி, நல்ல கதை என்று பாராட்டு வாங்குகிறேன். எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

உள்ளே சிரிப்புச் சத்தம். அதில் அக்காவின் குரலும் இருக்கிறது.

5

என்ன எழுதுகிறீர்கள் என்று மாணவி கேட்டாள். கதை என்றேன். முடிந்துவிட்டதா என்றாள். இல்லை என்றேன். அப்ப என் ஆராய்ச்சி மாதிரிதான் என்றாள். சிரித்து வைத்தேன்.

கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்து, "கொஞ்ச நேரத்துல கூப்பிடுவாங்க, தயாரா இரும்மா. உன் கைடு பேசி முடிச்சிட்டாங்க" என்றார். அவர் தோளுக்கு மேலாக அக்கா தெரிந்தாள். என்னைப் பார்த்தாள். உடனே மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அவள் சொல்லவில்லை.

6

இதுவரை உன்னை 'மாணவி', 'அவள்' என்று எழுதிவிட்டேன். இனி எழுத முடியாது. இந்தத் தாள்களை நோட்டிலிருந்து கிழித்து உன்னிடம்தான் தரப்போகிறேன்.

உள்ளே போனால் ஒன்றே ஒன்று கேள்: சோதனையை மறுபடி நடத்தட்டும், உன் கைடு வெளியே நிற்கட்டும், சாற்றை வேறு யாராவது வைத்துப் பார்க்கட்டும். கேட்பாயோ மாட்டாயோ, அதை நான் எழுதக் கூடாது. கேட்டால் என் அக்கா இனி என்னோடு பேச மாட்டாள். அதற்காக நீ தயங்காதே. தயங்கினால் எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருக்கும், அதையும் மறைக்கவில்லை.

படித்தது போதும். கூப்பிடுகிறார்கள்.