கிளவுடை யார் பார்த்துக்கொள்வது

மலேசியாவின் கூலாய் ஊரில் ஒரு கடைவீட்டில் நடக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்குக் கணினி ஆள் என்று இருந்தது கமலாட்சி ஒருத்திதான். கிளவுட் கம்பெனியிலிருந்து விற்க வந்த சுகுமாறன் உட்கார்ந்ததுமே அவனை அளந்துவிட்டாள். ஜொகூர் வெயிலில் கோட்டு போடுகிறவனிடம் விற்க வேறு சரக்கு இருக்காது.

"எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடலாம், அங்கிள்," என்றான் நிலையத் தலைவர் நாச்சியப்பனிடம். "அக்காவுக்கு இனிமே வேலையே இல்ல. நாங்க பாத்துக்குவோம்."

நாச்சியப்பன் பேனாவைத் திறந்துவிட்டார். புரியாத எதையும் அவர் மறுத்துப் பேசமாட்டார். ஊரில் அதைப் பெருந்தன்மை என்றார்கள். கமலாட்சி வேறு பெயர் வைத்திருந்தாள்.

உள்ளே பத்து நாற்காலியில் காலை ஷிஃப்ட் நோயாளிகள். யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது என்பது கணினியில்தான் இருந்தது. அது திறக்காவிட்டால் தாதி மிஷினைத் தொடமாட்டாள்.

"எந்த கிளவுட்?" என்றாள் கமலாட்சி.

"கிளவுட்னா கிளவுட்தான்க்கா."

"எல்லாருக்கும் பொதுவானதா, நமக்கு மட்டும் தனியா, ரெண்டும் கலந்ததா?"

"பொதுதான்."

"இன்டர்நெட் லைன் போனா?"

"இப்பல்லாம் எங்கக்கா போகுது."

"தம்பி எந்த ஊரு?"

"பண்டார் தெங்காரா."

"செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல இருக்கு, அங்க லைன் போறதே இல்லையா?"

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா," என்றார் நாச்சியப்பன்.

"கோப்பிக்கடையில மீ கோரேங் சொல்றீங்க, சாப்பிட்டு எந்திரிச்சு வர்றீங்க. கிளவுட்ல அதுக்குப் பேரு சாஸ் (SaaS). மென்பொருளு தயாரா வரும். அதே கடையில ஸ்டால் எடுத்தா அடுப்பு, கேஸ், மேசை அவங்களது, சமையல் மட்டும் நம்மளது. அது பாஸ் (PaaS), மென்பொருளு மட்டும் நாம எழுதிக்கணும். வெறும் கடைய வாடகைக்கு எடுத்தா சுவரும் கரண்டும்தான் அவங்க. அடுப்பு வாங்கறதுலேருந்து எலி புடிக்கிற வரைக்கும் நாமதான். அதுக்குப் பேரு ஐயாஸ் (IaaS), வெறும் சர்வர் வாடகை."

"நமக்கு மொதலாவதுதானே. அதான் பாத்துக்குவோம்னு சொன்னாரே."

கமலாட்சி ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி சுகுமாறன் முன்னால் தள்ளினாள். "வாசிங்க தம்பி. தமிழ்ல, சத்தமா."

"இயங்குதளம், பாதுகாப்பு, பேக்கப்... எல்லாம் வாடிக்கையாளர் பொறுப்பு."

"இது எந்தக் கட?"

விற்க வந்த பொருளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவன்போல் அவன் தாளைப் புரட்டினான். "வெறும் கடைதான்க்கா. மேல கேட்டு மாத்தித் தரலாம்."

"மாத்தறதுக்குள்ள சர்வர் படுத்துக்கிச்சுன்னா, பத்து பேரு நாற்காலியில காத்துக்கிட்டு இருப்பாங்களே, யாரு பாத்துக்குவா?"

"நீங்க இருக்கீங்கள்ல, அக்கா."

நாச்சியப்பன் பேனாவை மூடினார். "அப்ப நமக்கு எதும்மா வேணும்?"

"கலந்தது. நோயாளி ஃபைலு இங்க நம்ம கணினியிலயும் ஒரு நகல் இருக்கணும், லைன் போனாலும் தெறக்கும். அப்பாயின்மென்ட், ஈமெயில் எல்லாம் வெளியேருந்து தயார் சாப்பாடா வரட்டும்."

"எழுதிக் குடு. வேற ஆளப் பாப்போம்."

சுகுமாறன் எழுந்து கையை நீட்டினான். நாச்சியப்பன் குலுக்கினார்; யார் நீட்டினாலும் குலுக்குகிறவர். கமலாட்சி அடுத்த ஷிஃப்ட் நோயாளிகளின் ஃபைல்கள் கணினியில் திறக்கின்றனவா என்று பார்க்க உள்ளே போய்விட்டாள்.