வலது தோளில் விழுந்த உதை

துப்பாக்கித் தொழிற்சாலையில் ரைஃபிள்களைச் சுட்டுப் பார்க்கும் சோதனைக்காரருக்குக் கல்யாணமான மறுவாரத்திலிருந்து சுடும்போது துப்பாக்கி பின்னால் இடிக்கும் உதை தோளில் விழவேயில்லை; அது ஏழு மைல் தள்ளி, வீட்டில் துணி தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் வலது தோளில் போய் விழுந்தது. யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பாரத்தைப் பங்கு போடுவதுதான் கல்யாணம், இந்த மனிதர் முழுதையும் தள்ளிவிட்டார் என்று மைத்துனர் மட்டும் கிண்டலடித்தார். சோதனைப் படிவத்தில் ‘தோளுக்கு எப்படி இருந்தது’ என்றொரு கட்டம் உண்டு. அதை மட்டும் காலியாக வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் டீ ஆற்றிக்கொண்டே சொல்ல, எழுதிக்கொள்வார். இப்படியே ஆறு வருடம் சந்தோஷமாகப் போயிற்று.

ஏழாம் வருடம் பெண் குழந்தை பிறந்தது. பால் குடித்ததும் தாயின் வலது தோளில் சாய்ந்தால்தான் அழுகை நிற்கும். இடது தோள் அதற்கு ஆகவே ஆகாது. பச்சைக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விடலாமென்றால் வேறு தொழில் தெரியாது. குண்டு சிறியதானால் உதையும் சிறியதாகும் என்று தானே முடிவுகட்டி, இருப்பதிலேயே இலேசான குண்டுகளைக் கேட்டு வாங்கினார். அவற்றுக்குப் பின்னால் வெடிமருந்து முட்ட முட்ட அடைத்திருந்ததை யோசிக்கவில்லை. அனுபவசாலி செய்கிற தப்பில்லை அது. ஆனால் ஆறு வருடமாகத் தோளில் ஒன்றும் படாத அனுபவசாலி செய்வார்.

அன்று மாலை செருப்பைக் கழற்றுமுன்பே அவள் பிடித்துக்கொண்டாள்.

“என்னத்தங்க சுட்டீங்க இன்னிக்கு? முழங்கையால இடிக்கிற மாதிரி சுள்ளு சுள்ளுன்னு! பாப்பா ஒவ்வொரு தடவையும் தூக்கிவாரிப்போட்டு அழுதுச்சு.”

“சின்னக் குண்டும்மா. உங்க ரெண்டு பேருக்கும் வலிக்கக் கூடாதுன்னுதான்...”

“சின்னதா இருந்தா என்ன, அது போற வேகம் இருக்கே! போன மாசம் கனமா, மெதுவா போற குண்டு ஒண்ணு சுட்டீங்கல்ல? அது குத்தாது, தள்ளும். அதையே சுடுங்க.”

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் கனத்த குண்டைக் குறைந்த மருந்தில் போட்டுச் சுட்டார். வீட்டில் அவள் தோள் மெதுவாகப் பின்னால் போய், மெதுவாகத் திரும்பி வந்தது. மூன்றாவது குண்டில் குழந்தை வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு ஏப்பம் விட்டது, ஐந்தாவதில் தூங்கிப்போயிற்று. அவள் போன் செய்து இதைச் சொன்னதும் அவர் சுடுதளத்திலேயே உட்கார்ந்து அழுதார். சந்தோஷ அழுகைதான்.

மேலதிகாரி கறாரானவர், ஆனால் பேரன் பேத்தி எடுத்தவர். கனத்த குண்டுகளைப் பால் கொடுக்கும் நேரத்துக்கும், வேகமான குண்டுகளைக் குழந்தை தொட்டிலில் கிடக்கும் நேரத்துக்கும் ஒதுக்கி, அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார். அந்தப் பெண் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறாள், அட்டவணை மாறவில்லை. பதினொரு மணிக்குத் தெருப் பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அவள் அம்மாவின் வலது தோளில் சாய்க்கிறார்கள். ஏதாவது ஒன்று ஏப்பம் விடாமல் பிடிவாதம் பிடித்தால், இன்னும் இரண்டு சுடச் சொல்லித் தொழிற்சாலைக்குப் போன் போடுவார்கள், அவரும் சுடுவார்.